மட்டக்களப்பு வாவியில் படகேறப் போகிற குடும்பங்களுக்கு

யூலை, ஓகஸ்ட் விடுமுறையில் வெளிநாட்டிலிருந்து பிள்ளைகளோடு ஊருக்கு வருகிறவர்கள் வாவிக்குக் காலையில் போங்கள். ஆறு மணிக்குப் படகேறி ஒன்பதரைக்குள் கரைக்கு வந்துவிட வேண்டும். அது கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று வீசும் காலம். விடியலில் அடங்கிக் கிடக்கும் காற்று வெயில் ஏற ஏறப் பலம் பிடித்து, வாவியின் மேற்குக் கரையான படுவான்கரைப் பக்கமிருந்து சுடச்சுட வீசும். வாவி 56 கிலோமீற்றர் நீளம். ஆழமோ பல இடங்களில் ஓர் ஆள் உயரம்கூட வராது. இப்படி ஆழம் குறைந்த தண்ணீரில் காற்று பட்டால் அலை கிட்டக்கிட்டச் செங்குத்தாக எழும். தாழ்ந்த படகுக்குள் தண்ணீர் அடிப்பது அப்போதுதான்.

படகு தாழ்வதற்குக் காரணம் பெரும்பாலும் நம் வீட்டு ஆட்களே. எட்டுப் பேருக்கென்று பேசியிருப்பீர்கள். துறையடியில் பதினாறு பேர் நிற்பார்கள். மாமி, மாமியின் மருமகள், அவளுடைய கைக்குழந்தை, சாப்பாட்டுச் சட்டியோடு பெரியம்மா. “நாங்க தண்ணியில வளந்தாக்கள், எங்களுக்கென்ன பயம்? ஏத்துங்க மகன்” என்பார்கள். பத்து வருசத்துக்குப் பிறகு வந்து நிற்கிறவருக்கு அந்த இடத்தில் மறுப்புச் சொல்ல வாய் வராது. படகோட்டியும் உங்கள் முகத்தைப் பார்த்துவிட்டுப் பேசாமல் இருப்பார்.

கணக்கைத் தெரிந்துகொள்ளுங்கள். ஆறு மீற்றர் நீளம், ஒன்றரை மீற்றர் அகலமுள்ள பைபர் படகு, ஒரு பெரியவர் ஏறினால் ஏறக்குறைய ஒரு சென்ரிமீற்றர் தாழும். எட்டுப் பேர் கூடினால் எட்டுச் சென்ரிமீற்றர். எல்லாரும் இருந்த பிறகு விளிம்புக்கும் தண்ணீருக்கும் நடுவே மிகத் தாழ்ந்த இடத்தில் கையை வைத்துப் பாருங்கள். இரண்டு சாண் இருந்தால் நல்லது. ஒரு சாணுக்குக் குறைந்தால் ஆளை இறக்கத்தான் வேண்டும். கொக்கைக் காட்டினால் எல்லாரும் ஒரே பக்கம் சாய்வார்கள் என்பதையும் சேர்த்துத்தான் இந்த அளவு. படகோட்டி சொல்லும் எண்ணிக்கை இதைவிடக் குறைவென்றால் அவர் சொல்லே கணக்கு.

ஆகவே முதல் நாளே இரண்டு சுற்றுக்குப் பேசி, இரண்டுக்கும் காசைக் கொடுத்துவிடுங்கள். யார் எந்தச் சுற்று என்பதையும் வீட்டிலேயே சொல்லிவிடுங்கள். துறையில் வைத்து ஆளை இறக்கினால் அந்த மனவருத்தம் நீங்கள் விமானமேறிய பிறகும் போகாது. “வெளிநாட்டில இருந்து வந்து தலை எண்ணுறாங்க” என்ற சொல் காதுக்கு வரும். சொல்வதில் நியாயமும் இருக்கிறது. நாம் போனபின் வீட்டையும் கோயிலையும் பார்த்துக்கொண்டு கரையிலேயே இருந்தவர்கள் அவர்கள்.

லைஃப் ஜக்கற் ஆளுக்கொன்று வேண்டும். பெரியவர்களுடையதைப் பிள்ளைக்குப் போடாதீர்கள். தண்ணீரில் விழுந்தால் தலைவழியே கழன்றுவிடும். மாட்டியபின் தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள்; காது வரை வந்தால் பெரிது. பிள்ளைகளுக்கானதை நீங்கள் இருக்கும் நாட்டிலிருந்தே கொண்டுவாருங்கள்: 100 நியூட்டன் (மிதக்க வைக்கும் விசையின் அளவு), கழுத்துப் பட்டியும் கவட்டுப் பட்டியும் உள்ளது. 50 நியூட்டன் நீந்தத் தெரிந்தவர்களுக்கு மட்டும். வாயுக் குப்பி வைத்துத் தானே ஊதும் வகைக்கு விமான நிறுவனத்தின் அனுமதி தேவைப்படும். நுரை வைத்ததே வசதி.

இஞ்சினில் இரண்டைப் பாருங்கள். ஓடும்போது இஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீர் பின்னால் ஒரு மெல்லிய தாரையாகப் பீய்ச்சும். அது நின்றால் பாசியோ மணலோ அடைத்திருக்கிறது, உடனே நிறுத்தச் சொல்லுங்கள். இழுபட்டால் இஞ்சினை நிறுத்தும் சிவப்புக் கயிறு படகோட்டியின் மணிக்கட்டில் இருக்க வேண்டும். வலைக்கம்புகளைக் கண்டால் சுற்றிப் போகச் சொல்லுங்கள். விசிறியில் வலை சிக்கினால் உங்களுக்கு அரைமணி நேரம் போகும்; வலைக்காரருக்கு அன்றைய பிழைப்பே போகும். கண்டல் மரங்கள் நிற்கும் ஓரங்களில் பிள்ளைகள் கையைத் தண்ணீரில் விடக்கூடாது. வாவியில் முதலை உண்டு.

முதல் சுற்றில் ஊர் ஆட்களை ஏற்றுங்கள். காற்று அடங்கிய நல்ல நேரம் அவர்களுக்குக் கிடைக்கட்டும். உங்கள் பிள்ளைகள் கரையில் காத்திருக்கலாம். பூரணை இரவில் கல்லடிப் பாலத்தடியில் துடுப்பைத் தண்ணீரில் ஊன்றி, மறுமுனையில் காதை வைத்து மீன் பாடுவதைக் கேட்கப் போவதானால் இஞ்சின் இல்லாத தோணியில் நாலு பேர் போதும். அதில் ஒரு இடம் பெரியம்மாவுக்கு. பாலத்தால் வாழ்நாள் முழுக்க நடந்திருப்பார். அந்தத் துடுப்பில் காது வைக்க யாரும் அவரைக் கூட்டிப் போயிருக்க மாட்டார்கள்.