விளம்பரத்துடன் காணொளி பார்ப்பவர்கள் கவனத்திற்கு

சந்தா கட்டாமலேயே படமும் தொடரும் பார்க்கக் கிடைக்கிறதென்றால், அதற்கான பணத்தை நமக்குப் பதிலாக விளம்பரதாரர்கள் கட்டுகிறார்கள் என்று பொருள். நீங்கள் ஒரு படத்தைத் தொட்டதும் திரையில் சிறு வட்டம் சுழல்கிறதல்லவா, அந்த நொடிக்குள் உங்களுக்கு எந்த விளம்பரத்தைக் காட்டுவது என்ற ஏலம் பல தளங்களில் கணினிகளுக்கிடையே நடந்து முடிந்துவிடுகிறது. 1,000 முறை காட்டினால் இவ்வளவு என்பதே வழக்கமான விலைக் கணக்கு.

இதில் நான் பெரிதாக மதிக்கும் நன்மை, கடன் அட்டை எண்ணைக் கொடுக்க வேண்டியதில்லை என்பதும், ரத்து செய்ய மறந்துபோன சந்தாவுக்கு மாதாமாதம் பணம் போய்க்கொண்டிருக்காது என்பதும்தான். யூடியூபில் தகுதிபெற்ற படைப்பாளர்களுக்கும் இந்த வருவாயில் பங்கு போகிறது.

முற்றிலும் இலவசம் என்று சொல்லிவிட்டு அட்டை விவரம் கேட்கும் செயலியைத் தயங்காமல் நீக்கிவிடுங்கள். கணக்கு அமைப்புகளில் 'தனிப்பயனாக்கப்பட்ட விளம்பரங்கள்' என்ற வசதி இருந்தால் அதை அணைத்துவிடலாம். விளம்பரங்களின் எண்ணிக்கை குறையாது என்றாலும், நீங்கள் என்னென்ன பார்த்தீர்கள் என்பதை வைத்து விளம்பரம் தேர்ந்தெடுப்பது கட்டுப்படும்.

நெட்ஃபிளிக்ஸ் 2022 நவம்பரில் தொடங்கியதைப் போன்ற, விளம்பரத்துடன் கூடிய குறைந்த கட்டணத் திட்டத்துக்கு மாறுவதாக இருந்தால், நீங்கள் விரும்பும் தொடர்கள் அதில் உள்ளனவா, பதிவிறக்கத்துக்கு வரம்பு உண்டா, எத்தனை திரைகளில் ஒரே நேரத்தில் பார்க்கலாம் என்பவற்றை முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.