டீட்டெயிலும் வேணும், காதும் வலிக்கக்கூடாது: வீட்டுக்கு ஸ்பீக்கர் செலக்ட் பண்றது எப்படி

கடையில ரெண்டு ஸ்பீக்கரை மாத்தி மாத்தி கேக்கும்போது, சத்தம் ஒரே ஒரு டெசிபெல் (சத்தத்தோட அளவு) அதிகமா இருக்கிறதுதான் நமக்கு "கிளியரா இருக்கு"னு தோணும். அதனால மொதல்ல ரெண்டுக்கும் வால்யூமை சமமா வைக்கச் சொல்லுங்க, போன்ல ஒரு சவுண்ட் மீட்டர் ஆப் இருந்தா போதும், அளவு முன்னப்பின்ன இருந்தாலும் ஒப்பிட்டுப் பாக்க அது தாங்கும்.

அடுத்தது ட்ரெபிள், அதாவது கீச்சுனு மெல்லிசா வர்ற மேல் சத்தம். நம்ம காது 2-லேருந்து 5 கிலோஹெர்ட்ஸ் வரைக்கும்தான் ரொம்ப ஷார்ப், அங்கயும் அதுக்கு மேலயும் கொஞ்சம் தூக்கி விட்டுட்டா ஜால்ரா சத்தம், கிடார் கம்பி எல்லாம் பளிச்சுனு முன்னாடி வந்து நிக்கும், "அட, இந்தப் பாட்டுல இதெல்லாம் இருந்துச்சா"னு அசந்துபோய் பில் போட்டுடுவோம், வீட்டுக்கு வந்து அரை மணி நேரம் கேட்டா போதும்டா சாமின்னு ஆஃப் பண்ணத் தோணும். என்னைக் கேட்டா அது டீட்டெயிலே இல்ல. மிருதங்கத்துல வலந்தலையும் (வலது பக்கம்) தொப்பியும் (இடது பக்கம்) தனித்தனியா கேக்கணும், தொப்பியில அழுத்தி வாசிக்கிற கும்கி வளைஞ்சு முடியிற வரைக்கும் காதுல விழணும், பாடறவங்க மூச்சு இழுக்கிறது தெரியணும், அதே நேரம் "ஸ" வர்ற இடம் ஊசி மாதிரி குத்தக்கூடாது.

அதனால டெஸ்ட் பண்ண கடைக்காரர் போடுற டெமோ பாட்டு வேண்டாம், அது அந்த ஸ்பீக்கருக்குன்னே பொறுக்கி வச்சதா இருக்கும். நீங்க நூறு தடவை கேட்ட ஒரு பொம்பளைக் குரல் பாட்டு, கொஞ்சம் நாதஸ்வரம், யாராவது சும்மா பேசுற ஒரு ரெக்கார்டிங், இது மூணும் கொண்டு போங்க. நாதஸ்வரத்துல காது கூசாம இருந்தா பாதி பாஸ். அப்புறம் சத்தத்தை நல்லா குறைச்சு வச்சு கேளுங்க, அப்பவும் வார்த்தை புரிஞ்சா ரொம்ப நல்லது.

ட்ரெபிளைக் குடுக்கிற சின்ன ட்வீட்டர்ல இருக்கிற குமிழ் சில்க் டோம்னா சாஃப்ட், மெட்டல் டோம்னா குத்தும்னு ஒரு பேச்சு ஓடுது, அதை அப்படியே நம்பாதீங்க. பேஸ், அதாவது அடி சத்தம் குடுக்கிற பெரிய வூஃபரும் ட்வீட்டரும் சத்தத்தைக் கைமாத்துற இடமான கிராஸ்ஓவர் எப்படி இருக்கு, பக்கவாட்டுல போற சத்தம் எப்படி இருக்குங்கிறதுதான் பெரிய விஷயம், ஏன்னா அந்த பக்கவாட்டு சத்தம்தான் சுவத்துல பட்டு உங்க காதுக்கு வருது. கனடா தேசிய ஆராய்ச்சி கவுன்சில்ல ஃப்ளாய்ட் டூல் 1980-கள்ல எந்த ஸ்பீக்கர்னு காட்டாமலே ஆளுங்களை கேக்க வச்சுப் பாத்தாரு, நேரா வர்ற சத்தம் ஏத்த இறக்கம் இல்லாம, பக்கவாட்டு சத்தமும் ஸ்மூத்தா இருக்கிறதைத்தான் நிறைய பேர் புடிச்சிருக்குன்னாங்க. கடையில இதுக்கு ஈஸியான வழி, குரல் ஓடும்போதே எழுந்து பக்கவாட்டுல நடங்க, திடீர்னு குரல் வேற ஆளு மாதிரி ஆச்சுன்னா அதை விட்டுடுங்க.

இப்ப ரூமுக்கு வருவோம், நம்ம ஊர்ல நிறைய பேர் கோட்டை விடுறது இங்கதான். கடையில கார்ப்பெட், சோபா எல்லாம் இருக்கும், நம்ம ஹால்ல வழவழன்னு டைல்ஸ், வெறும் சுவர், கண்ணாடி ஜன்னல். கையைத் தட்டிப் பாருங்க, டிங்ங்னு திரும்பி வந்தா எந்த லட்ச ரூபா ஸ்பீக்கரும் அங்க கத்தத்தான் செய்யும். கெட்டியான ஒரு பவானி ஜமுக்காளம் முன்னாடி விரிங்க, ஜன்னலுக்கு தடிமனான கர்ட்டன் போடுங்க, புக்ஸ் அடுக்கின ஷெல்ஃப் இருந்தா இன்னும் நல்லது. ஸ்பீக்கரை ஷோகேஸ் உள்ள திணிக்கிறது, லாஃப்ட் மேல ஏத்துறது ரெண்டும் வேணாம், ட்வீட்டர் உக்காந்தா காது உயரத்துக்கு வரணும், பின்சுவத்துலேருந்து ஒரு அடியாவது தள்ளி இருக்கணும், மூலையில வச்சா பேஸ் கும்முனு அடைச்சுக்கும்.

10-க்கு 12 ரூமுக்கு 5 இல்லேன்னா 6.5 இன்ச் வூஃபர் இருக்கிற புக்‌ஷெல்ஃப் ஜோடி (ஸ்டாண்ட்ல வைக்கிற சின்ன சைஸ் ஸ்பீக்கர்) தாராளம். டப்பாவுல போட்டிருக்கிற பிஎம்பிஓ வாட்ஸ் (ஊதிப் பெருசாக்கின விளம்பர நம்பர்) பக்கமே போகாதீங்க, ஆர்எம்எஸ் (தொடர்ந்து தாங்குற நிஜ பவர்) எவ்ளோன்னு கேளுங்க. ஓம் குறைஞ்சா ஆம்ப்ளிஃபையருக்கு பளு அதிகம், அதனால ஸ்பீக்கர் 4 ஓம்னா ஆம்ப் அதைத் தாங்குமான்னு பாத்துக்கணும், ஆம்ப் திணறி, சத்தத்தோட உச்சி வெட்டுப்பட்டு கிளிப் ஆனா அந்த கரகரப்புக்கும் பழி ஸ்பீக்கர் மேலதான் விழும்.

எல்லாம் செஞ்சும் லேசா குத்துதுன்னா உடனே மாத்த ஓடாதீங்க, உங்களைப் பாத்து திருப்பி வச்சிருக்கிற ஸ்பீக்கரை நேரா நிமித்தி வைங்க, ட்ரெபிள் கொஞ்சம் அடங்கும், அப்பவும் சரியா வரலன்னா ஆம்ப்ல ட்ரெபிளை ஒரு புள்ளி குறைங்க, அதுல ஒரு கௌரவக் குறைச்சலும் இல்ல.