ஊர்க் காகிதங்களிலிருந்து வடிவமைப்புக் கற்கும் முறை

வடிவமைப்புப் பயில்பவர்களில் பலர் பிற நாட்டுச் சுவரொட்டிகளைத் தேடித் தேடிக் கைப்பேசியில் சேமிக்கிறார்கள். அவற்றைப் பார்ப்பது நல்லதுதான். ஆனால் நீளமான தமிழ்ச் சொற்களை ஒரு சிறிய தாளில் எப்படி அமர்த்துவது, பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற வேறுபாடே இல்லாத மொழியில் முக்கியமானதை எப்படி எடுத்துக்காட்டுவது என்ற கேள்விகளுக்கு அவற்றில் விடை கிடைக்காது. கொங்கு நாட்டில் வாழ்பவருக்கோ அந்த விடைகள் திருப்பூர்ப் பனியன் பெட்டியாகவும், ஈரோட்டு மஞ்சள் மண்டியின் பில்லாகவும், சேலத்து ஜவ்வரிசி மூட்டையாகவும், முகூர்த்த மாதங்களில் வந்து குவியும் கல்யாணப் பத்திரிகைகளாகவும் அன்றாடம் கைக்கு வந்து சேர்கின்றன.

சேகரிக்கும்போது அழகானவற்றை மட்டும் பொறுக்க வேண்டாம். கடைக்காரர் கிழித்துக் கொடுத்த பில், மருந்துச் சீட்டு, கோயில் நன்கொடை ரசீது, துண்டு நோட்டீஸ் என உண்மையில் புழங்கிய தாள்களையே எடுங்கள். பின்புறத்தில் எந்த ஊர், எந்த நாள் என்று பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். ஓர் அடிக்கோலும், டிரேசிங் தாளும், பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸும் போதும்.

ஒவ்வொரு தாளிடமும் முதலில் கேட்க வேண்டியது, இதை யார், எவ்வளவு தொலைவிலிருந்து படிக்கிறார்கள் என்பதுதான். பனியன் பெட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். மேல் அட்டையில் வண்ணப்படம் இருக்கும். ஆனால் கடையில் பெட்டிகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்படும்போது அந்தப் படம் மறைந்துவிடுகிறது, வெளியே தெரிவது குறுகிய பக்கம் மட்டுமே. அந்தப் பக்கத்தில் 85, 90, 95 என்று சென்டிமீட்டரில் மார்பளவு பெரிதாக இருக்க வேண்டும், ஏனென்றால் கல்லாவுக்கு அருகில் நிற்பவர் ஏணியில் ஏறாமலே அளவைக் கண்டுபிடிக்க வேண்டும். இந்தக் காரணம் புரிந்துவிட்டால், மருந்துப் பெட்டிக்கும் விதைப் பாக்கெட்டுக்கும் நீங்களே அதே முறையில் முடிவெடுக்கலாம்.

இதைவிடச் செறிவான பாடம் தினசரி நாள்காட்டியின் ஒற்றைத் தாளில் இருக்கிறது. உள்ளங்கை அளவுள்ள இடத்தில் ஆங்கிலத் தேதி, தமிழ்த் தேதி, கிழமை, திதி, நட்சத்திரம், நல்ல நேரம், ராகு காலம், எமகண்டம், குளிகை, சந்திராஷ்டமம், ராசிபலன் என்று அத்தனையும் இடம்பெற்றும் யாரும் குழம்புவதில்லை. காரணம், அது மூன்று தொலைவுகளுக்காக அமைக்கப்பட்டிருக்கிறது. தேதி எண் கூடத்தின் மறுகோடியிலிருந்து தெரிய வேண்டும். நல்ல நேரமும் ராகு காலமும் காலண்டருக்கு எதிரில் நிற்பவருக்குத் தெரிந்தால் போதும். ராசிபலனைப் பெரும்பாலும் நெருங்கி நின்றோ, கிழித்த தாளைக் கையில் வைத்துக்கொண்டோதான் படிக்கிறார்கள். டிரேசிங் தாளை அதன்மேல் விரித்து, எழுத்தை விட்டுவிட்டு ஒவ்வொரு தகவலும் அடைத்திருக்கும் கட்டத்தை மட்டும் வரைந்து பாருங்கள். கையில் மிஞ்சும் அந்த வெற்றுக் கட்டமைப்பை ஒரு பேருந்து நேர அட்டவணைக்கோ பள்ளி அறிக்கைக்கோ நிரப்பிப் பாருங்கள். என்னைக் கேட்டால், தொடக்கநிலையில் இதற்கு நிகரான பயிற்சி வேறில்லை.

கல்யாணப் பத்திரிகையில் கவனிக்க வேண்டியது வேறு. மணமகன் பெயர் மூன்றெழுத்து, மணமகள் பெயர் எட்டெழுத்து என்றால் இரண்டையும் ஒரே மரியாதையோடு எப்படி நிறுத்துவது? நீளமான பெயரின் அளவைக் குறைத்தால் அந்த வீட்டார் மனம் வருந்துவார்கள். அதனால் தேர்ந்த அச்சகத்துக்காரர் உயரத்தை அப்படியே வைத்துக்கொண்டு எழுத்தின் அகலத்தை மட்டும் ஒடுக்குவார், அல்லது இரு பெயர்களையும் மேலும் கீழுமாக வைப்பார். நான்கு மூலைகளிலும் மஞ்சள் தடவுவார்கள் என்பதால் அங்கே எழுத்து வராமல் பார்த்துக்கொள்வதும் வடிவமைப்பாளரின் பொறுப்பே.

அடுத்து லென்ஸ். வண்ணப்படத்தின்மேல் வைத்தால் சியான், மெஜந்தா, மஞ்சள், கருப்பு ஆகிய நான்கு மைகளின் புள்ளிகள் தனித்தனியே தெரியும், அது பெரும்பாலும் ஆப்செட், அதாவது தகட்டிலிருந்து ரப்பர் உருளைக்கு மையை மாற்றி அச்சிடும் முறை. புள்ளியே இல்லாமல் மை தடித்துப் படிந்திருந்தால் பெரும்பாலும் சல்லடைத் துணி வழியே மையைத் தள்ளி அச்சிடும் ஸ்கிரீன் பிரிண்டிங். தாளின் பின்புறத்தை விரலால் தடவும்போது எழுத்து புடைத்திருந்தால் அச்செழுத்தைத் தாளில் அழுத்தி அச்சிடும் லெட்டர்பிரஸ். பில் புத்தகங்களுக்கு எண் போடவும், கிழிப்பதற்கான துளைக்கோடு இடவும் ட்ரெடில் எனப்படும் பழைய சிறு லெட்டர்பிரஸ் இயந்திரங்களை இன்னும் வைத்திருக்கும் அச்சகங்கள் உண்டு. வாய்ப்புக் கிடைத்தால் அனுமதி பெற்று, அருகில் நின்று ஒரு வேலையை முழுமையாகப் பாருங்கள்.

எழுத்துகளைப் பார்க்கும்போது லை, ணை, னை, றா போன்றவற்றைத் தேடுங்கள். 1978இல் தமிழ்நாடு அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்று 13 எழுத்துகளின் வடிவத்தை மாற்றியது; றா போன்றவற்றில் பழைய சுழியும், லை, ணை, னை போன்றவற்றில் யானைத் துதிக்கைபோல் வளைந்த பழைய கொம்பும் உள்ள தாள் கிடைத்தால் அதன் காலத்தை ஓரளவு ஊகிக்கலாம், ஆனால் பழகிய கைகள் பின்னரும் அவ்வடிவங்களை விடவில்லை என்பதால் அதை மட்டும் சான்றாகக் கொள்ளக் கூடாது. கி, ர் போன்றவை மேலே எழும்புவதையும், கு, ழு, ஞ போன்றவை கீழே இறங்குவதையும் டிரேசிங் தாளில் கோடிட்டுப் பார்த்தால், ஆங்கிலத்துக்கு வைக்கும் வரி இடைவெளி தமிழுக்கு ஏன் போதவில்லை என்பது கண்ணுக்கே தெரியும். எழுத்தளவைப்போல் ஒன்றரை மடங்கிலிருந்து தொடங்கிச் சிறிது சிறிதாகக் குறைத்து வருவது நல்லது.

எழுத்தைக் கட்டத்தில் அமர்த்தும் கலை இம்மண்ணுக்குப் புதியதன்று என்பதையும் இங்கே சொல்லத் தோன்றுகிறது. ஈரோடு மாவட்டம் அறச்சலூர் மலைக்குகையில் த, தை, தா, தே என்னும் அசைகளை ஐந்து வரி, ஐந்து பத்தியாக, இடமிருந்து படித்தாலும் மேலிருந்து படித்தாலும் ஒன்றாகவே வரும்படி வெட்டிவைத்திருக்கிறார்கள். அந்தக் கட்டத்தை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு பார்ப்பது, எந்தப் பாடநூலும் தராத ஊக்கத்தைத் தரும்.

பார்த்ததை வைத்து ஒன்றைச் செய்யாவிட்டால் சேகரிப்பு குப்பையாகிவிடும். எனவே ஒரு சிறு வேலையை எல்லை வகுத்துக்கொண்டு செய்யுங்கள்: 18க்கு 23 அங்குல டெமி தாளில் எட்டில் ஒரு பங்கு, ஒரே நிற மை, உங்கள் தெருவில் உள்ள ஒரு கடைக்கான நோட்டீஸ். கரூர் மாவட்டம் காகிதபுரத்தில் கரும்புச் சக்கையிலிருந்து தயாராகும் தாள் நம் பகுதியிலேயே கிடைக்கிறது. அதில் அச்சிட்டு, கடைக்காரரிடமே கொடுத்து, அவர் கண் முதலில் எங்கே செல்கிறது என்று கவனியுங்கள்.

சேர்த்தவற்றைப் பாதுகாப்பதிலும் கவனம் வேண்டும். கருவியிலிருந்து வரும் பேருந்துச் சீட்டும் கடை ரசீதும் வெப்பத்தாலேயே எழுத்து தோன்றும் தாள் என்பதால் சில மாதங்களில் வெளுத்துவிடும். கிடைத்த அன்றே 600 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 600 புள்ளிகள்) அளவில் ஸ்கேன் செய்துவிட வேண்டும். மற்றவற்றைப் பசை தடவி ஒட்டாமல், மூலைகளை மட்டும் தாள் பட்டையில் செருகி வைத்தால் பின்புறத்தையும் எப்போது வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கலாம்.