தோட்டத்துக் கடையில் பிட்காயின் கொடுத்துச் சாமான் வாங்கும் முறை

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புறப் பட்டணங்களில் மளிகைக் கடைக்காரர்கள் இன்றும் 555 புத்தகத்தில் கடன் எழுதிக்கொள்கிறார்கள். கல்லாவுக்கு முன்னால், வங்கிக் கணக்கிலிருந்து பணம் செலுத்துவதற்கான டூயிட்நவ் கியூஆர் அட்டையும் நிற்கிறது. இவ்விரண்டும் பழகிய கடைக்கு, இணையத்தில் மட்டும் புழங்கும் நாணயமான பிட்காயினோடு போகிறவர், சாமானை எடுப்பதற்கு முன்பே கடைக்காரரிடம் கேட்டுவிட வேண்டும். மலேசியாவில் பிட்காயின் சட்டப்படி செல்லுபடியாகும் பணம் அன்று என்று மத்திய வங்கியான பேங்க் நெகாரா அறிவித்திருப்பதால், அதை வாங்கியே தீர வேண்டும் என்ற கட்டாயம் அவருக்கு இல்லை. வேண்டாம் என்றால் வெள்ளியை (ரிங்கிட்டை) எடுத்துக் கொடுத்துவிடுங்கள்.

பிட்காயினை வாங்குவதற்குப் பங்குப் பத்திர ஆணையத்தில் பதிவு பெற்ற பரிமாற்றகத்தையே நாடுங்கள். பதிவு பெற்றவற்றின் பட்டியல் ஆணையத்தின் இணையத்தளத்தில் உள்ளது. வாட்ஸ்அப் குழுவில் மலிவாகத் தருகிறேன் என்பவரிடம் போக வேண்டாம்.

அடுத்தது, எந்த வழியில் அனுப்புவது என்பது. இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். 18 வெள்ளிச் சாமானுக்குப் பிட்காயினின் மூலச் சங்கிலி (பரிமாற்றங்கள் பதியும் பொதுப் பேரேடு) வழியே பணம் அனுப்பினேன். கட்டணமே 9 வெள்ளி பிடித்தது. அந்த வழியில் கட்டணம் தொகையைப் பொறுத்தது அன்று, பரிமாற்றத் தகவலின் அளவையும் அந்நேரத்து நெரிசலையும் பொறுத்தது. ஆகவே கருவாட்டுக்கும் காணிக்கும் ஒரே கட்டணம் வரலாம். பரிமாற்றங்களின் தொகுப்பான ஒரு பிளாக் அந்தச் சங்கிலியில் சேரச் சராசரி 10 நிமிடம் ஆகும் என்றாலும், அன்று முக்கால் மணி நேரம் கடை வாசலிலேயே நின்றேன். கடைக்கார அக்கா பொறுத்துப் பார்த்துவிட்டு, "வந்ததும் வெட்டிடுறேன், நீ போ தம்பி" என்று 555 புத்தகத்தில் என் பெயரை எழுதினார்.

சில்லறை வியாபாரத்துக்கு ஏற்றது, பிட்காயினின் மேல் அமைந்த லைட்னிங் என்ற விரைவு வழிதான். பணம் பெரும்பாலும் சில நொடிகளில் சேரும், கட்டணமும் சில காசுக்குள் அடங்கும். இருவர் கைப்பேசியிலும் லைட்னிங் வாலட், அதாவது பிட்காயினைப் பெற்று அனுப்பும் செயலி, இருக்க வேண்டும். உங்கள் பரிமாற்றகம் அந்த வழியில் அனுப்புமா என்பதை வீட்டிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். கைப்பேசி தொலைந்தால் பணத்தை மீட்பதற்காக வாலட் தரும் 12 சொற்களைத் தாளில் எழுதி வைக்க வேண்டும். படம் பிடித்து வைக்கக் கூடாது. சொற்களே தராமல் நிறுவனமே பணத்தை வைத்திருக்கும் வாலட்டுகளும் உண்டு. தொடங்குவதற்கு அவை எளிது, ஆனால் ஒரு வாரச் சாமான் செலவுக்கு மேல் அவற்றில் வைக்காதீர்கள்.

விலையை எப்போதும் வெள்ளியிலேயே பேசுங்கள். பிட்காயினின் சிறிய அலகு சத்தோசி; ஒரு பிட்காயின் 10 கோடி சத்தோசி. அதன் விலை 4 இலட்சம் வெள்ளி என்று வைத்துக்கொண்டால், ஒரு வெள்ளிக்கு 250 சத்தோசி. 12 வெள்ளி 40 காசுக்கு 3,100 சத்தோசி. இந்தக் கணக்கை வாலட்டே போட்டுவிடும். கடைக்காரர் தம் வாலட்டில் 12.40 என்று தட்டியதும் புதிய கியூஆர் குறியீடு ஒன்று வரும். அதை ஸ்கேன் செய்து, திரையில் தெரியும் தொகையை இருவரும் படித்துப் பார்த்த பிறகே அனுப்புங்கள். அந்தக் குறியீடு ஒருமுறைக்குத்தான் பயன்படும், சிறிது நேரத்தில் காலாவதியும் ஆகிவிடும். நேற்றையதை வைத்துக்கொண்டு இன்று அனுப்ப முடியாது. டூயிட்நவ் அட்டையைப் பிட்காயின் வாலட்டில் ஸ்கேன் செய்வதிலும் பயனில்லை.

உங்கள் திரையில் பச்சை அடையாளம் வந்தால் மட்டும் போதாது. அதைப் போலியாகக் காட்டுவது கடினமன்று என்பதால், கடைக்காரர் தம் கைப்பேசியில் பணம் சேர்ந்ததைப் பார்த்த பிறகே பையை எடுங்கள். செம்பனைக் காட்டை ஒட்டிய கடைகளில் லைன் விட்டு விட்டு வரும்; பல வாலட்டுகளில் பணம் பெறும் கடைக்காரரின் செயலியும் திறந்திருந்தால்தான் பணம் சேரும். ஆகவே பத்து இருபது வெள்ளித் தாளும் சட்டைப்பையில் இருக்கட்டும்.

அனுப்பிய பணத்தை வங்கியிடம் சொல்லித் திரும்பப் பெறும் வழி இதில் இல்லை. பால்மாவு டின் நசுங்கியிருந்தால் கடைக்காரர் மனம் வைத்துத்தான் பணத்தைத் திருப்பித் தர வேண்டும். அப்படித் திருப்பும்போது, அன்று பேசிய வெள்ளி விலையை ரொக்கமாகவே கொடுப்பது என்று முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். இல்லையெனில் இடையில் ஏறி இறங்கிய விலையால் மனத்தாங்கல் வரும். கடைக்காரர் ஒவ்வொரு விற்பனைக்கும் தேதி, வெள்ளித் தொகை, சத்தோசி ஆகிய மூன்றையும் எழுதி வைத்தால் வருமான வரிக் கணக்குக்கு உதவும். அந்த அக்கா இப்போது அதையும் 555 புத்தகத்திலேயே, பின்பக்கத்திலிருந்து தொடங்கி எழுதுகிறார்.