எரேமியா 29:11: எல்லாருக்கும் தெரிந்த வசனத்தில் பிரசங்கம் தயாரிப்பது எப்படி?

புது வருஷ வாக்குத்தத்த அட்டைகளில் அடிக்கடி வருகிற வசனம் இது. "அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே" என்ற வரி சபையில் பலருக்கு மனப்பாடம். அதனால்தான் இதில் பிரசங்கம் பண்ணுவது கஷ்டம். நாம் வாசித்து முடிப்பதற்குள் இந்த வருஷம் வேலை கிடைக்கும், கல்யாணம் கூடிவரும், விசா வந்துவிடும் என்று கேட்கிறவர்களே மனசுக்குள் ஒரு பிரசங்கத்தை முடித்துவிடுவார்கள். நாமும் அதையே மைக்கில் சத்தமாகச் சொல்லிவிட்டு இறங்கினால் ஆமென் நிறைய கிடைக்கும். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

விளக்கவுரை, யூடியூப் எதையும் திறக்காமல் முதலில் 29ஆம் அதிகாரம் முழுவதையும் வாய்விட்டு வாசியுங்கள். பழகிப்போன மொழிபெயர்ப்பு நாக்கில் ஓடி அர்த்தம் நிற்கவில்லையா, 1995இல் வந்த திருவிவிலியம் என்ற மொழிபெயர்ப்பையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இது ஒரு கடிதம். கி.மு. 597இல் யூதாவின் ராஜா யோயாக்கீனோடு பாபிலோன் ராஜா நேபுகாத்நேச்சார் பாபிலோனுக்குச் சிறைபிடித்துப் போன ஜனங்களுக்கு, எருசலேமில் இருக்கிற எரேமியா தீர்க்கதரிசி எழுதுகிறார். வீடு கட்டிக் குடியிருங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்துவையுங்கள், உங்களைக் கொண்டுபோன அந்தப் பட்டணத்தின் சமாதானத்துக்காகவே ஜெபம் பண்ணுங்கள் என்கிறார். 10ஆம் வசனத்தில், எழுபது வருஷம் முடிந்தபின்புதான் கர்த்தர் அவர்களைத் திரும்பக் கொண்டுவருவார் என்று வருகிறது. கடிதத்தைக் கேட்ட பெரியவர்களில் பெரும்பாலோர் ஊர் திரும்பப் போவதில்லை. அப்புறம்தான் 11ஆம் வசனம்.

28ஆம் அதிகாரத்தையும் விடாமல் வாசியுங்கள். அனனியா என்ற தீர்க்கதரிசி, இரண்டே வருஷத்தில் ஆலயத்துப் பாத்திரங்களும் சிறைபட்டுப் போனவர்களும் திரும்பி வந்துவிடும் என்று எல்லார் முன்னாலும் சொல்கிறான். அதற்கு எரேமியாவே முதலில் ஆமென், கர்த்தர் அப்படியே செய்வாராக என்கிறார்! அவருக்கும் அதுதான் ஆசை. ஆனாலும் கர்த்தர் சொல்லாததை அவரால் சொல்ல முடியவில்லை. பீடத்தில் நிற்கிற நமக்கு எப்போதும் இருக்கிற சோதனை இதுதான், அதனால் சபைக்கு முன்னால் இந்தப் பகுதி நம்மிடம் பேசட்டும். இதற்கு இரண்டு நாளாவது கொடுங்கள். சனிக்கிழமை ராத்திரி உட்கார்ந்தால் இது நடக்காது.

சரி, இப்போது உங்கள் செய்தியை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். 'காத்திருப்பு நீண்டாலும் கர்த்தர் நம்மை மறக்கவில்லை, அந்தக் காத்திருப்பிலும் நம்மை வாழச் சொல்கிறார்' என்பது போல. அதற்கு உதவாத எதுவும், அருமையான சாட்சியாக இருந்தாலும், வெளியே போகட்டும். ஒத்தவாக்கியங்களை, அதாவது இதே கருத்து வருகிற வேறு வசனங்களைத் தேடிப் பதினைந்து வசனம் அடுக்கினால் ஒன்றும் மனதில் தங்காது, இரண்டு போதும்.

அடுத்தது, கேட்கப்போகிறவர்களை ஒவ்வொருவராக நினைத்துப் பாருங்கள். போன மாதம் கணவரை அடக்கம் பண்ணின அம்மா, பல வருஷமாகக் குழந்தைக்காக ஜெபிக்கிற தம்பதி, துபாயில் இருக்கிற அப்பாவைப் போனில் மட்டுமே பார்க்கிற பிள்ளை. இவர்கள் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாத வாக்கியம் குறிப்பில் இருந்தால் அடித்துவிடுங்கள். 'இந்த வருஷமே உனக்குக் குழந்தை' என்று சொல்ல நமக்கு அதிகாரம் இல்லை, அது நடக்காமல் போனால் அந்தப் பெண் தன் விசுவாசத்தைத்தான் குறை சொல்லிக்கொள்வாள். அவர்கள் நம்மிடம் தனியாகச் சொன்ன கதையைப் பீடத்துக்குக் கொண்டுவருவதும் கூடவே கூடாது, பெயர் சொல்லாவிட்டாலும் ஊருக்குத் தெரிந்துவிடும்.

ஆரம்பத்தையும் கடைசி இரண்டு நிமிஷத்தையும் முழுசாக எழுதிவிடுங்கள், நடுவில் குறிப்பு போதும். கடிகாரத்தை வைத்து ஒருமுறை வீட்டில் பேசிப் பாருங்கள். இருபத்தைந்து நிமிஷத்தைத் தாண்டினால் வெட்டுங்கள். 'பக்கத்தில் இருக்கிறவரைப் பார்த்துச் சொல்லுங்கள்' என்பதெல்லாம் பெரும்பாலும் அடுத்து என்ன சொல்வது என்று தெரியாதபோது வருவதுதான். 'கடைசியாக' என்று ஒருமுறைதான் சொல்லலாம், சொன்னால் முடித்துவிட வேண்டும்.

ஆராதனை முடிந்ததும் நல்லா இருந்தது ஐயா என்று கை கொடுப்பார்கள். அதோடு விடாமல், உண்மையைச் சொல்லக்கூடிய ஒருவரிடம் செவ்வாய், புதன் வாக்கில் என்ன ஞாபகம் இருக்கிறது என்று கேளுங்கள். நீங்கள் எழுதிவைத்த அந்த ஒரு வாக்கியத்துக்குப் பக்கத்தில் அவர் சொன்னதையும் எழுதிவையுங்கள்.