தனியே லிஸ்பன்: திருகோணமலையிலிருந்து போகிறவர்களுக்கு

நான் லிஸ்பன் போகப்போகிறேன் என்றதும் அம்மா கேட்டது இதுதான்: "தனியப் போய் அங்க என்ன செய்யப் போறாய், பாரிசுக்குப் போனா மாமா வீடாவது இருக்கு." நியாயமான கேள்வி. நம் ஊர்க்காரருக்கு ஐரோப்பா என்றால் சொந்தக்காரர் வீடு, ஒரு கலியாணம், பாரிசில் தமிழ்க் கடைகள் இருக்கிற லாச்சப்பலில் ஒரு சுற்று, அவ்வளவுதான். லிஸ்பனில் நமக்கு ஒருவரும் இல்லை. ஆனால் கோணேசர் கோயிலை இடித்து அந்தக் கல்லிலேயே கோட்டை கட்டினார்களே, அந்தப் போர்த்துக்கேயப் பறங்கியர் கப்பல் ஏறிய ஊர் அது. கோட்டை வாசலில் மான்களைப் பார்த்தபடி கோயிலுக்கு நடந்து வளர்ந்தவளுக்கு இந்தக் காரணம் போதும் என்று நினைத்தேன்.

முதலில் விசா. இதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். ஐரோப்பாவின் பல நாடுகளுக்கும் பொதுவான ஷெங்கன் விசா, எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறீர்களோ அந்த நாட்டிடம் கேட்கவேண்டியது. லிஸ்பனில் நாலு நாள், பிறகு மாமா வீட்டில் பத்து நாள் என்றால் நீங்கள் போகவேண்டியது பிரான்சிடம், போர்த்துக்கலிடம் இல்லை. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், 15 நாளுக்குக் குறைந்தால் எடுக்கமாட்டார்கள். குறைந்தது 30,000 யூரோவுக்கான மருத்துவக் காப்புறுதி வேண்டும். பாஸ்போட் நீங்கள் திரும்பி வந்த பிறகும் மூன்று மாதம் செல்லுபடியாக இருக்கவேண்டும். விசா மறுக்கப்பட்டால் கட்டின காசு திரும்பாது, அதனால் அறையை இலவசமாக ரத்துச் செய்யக்கூடிய மாதிரியே பதிவு செய்யுங்கள். கைரேகை கொடுக்கக் கொழும்புக்கு நேரில் போகவேண்டும், இரவு மெயிலில் ஏறினால் விடியக் கோட்டை ஸ்டேசனில் இறங்கலாம்.

நேர் விமானம் கிடையாது, வளைகுடாவிலோ வேறெங்காவதோ மாறித்தான் போகவேண்டும். இறங்கிய பிறகு சுலபம். விமான நிலையத்திலேயே மெட்ரோ இருக்கிறது. சிவப்புப் பாதையில் ஏறி அலமேடாவில் பச்சைக்கு மாறினால் நகரின் நடுவில் ரொசியோவில் கொண்டுபோய் விடும். மெசினில் நவெகான்ட் அட்டையை அரை யூரோவுக்கு வாங்கி அதில் காசு ஏற்றிக்கொள்ளுங்கள், ட்ராம், பஸ் எல்லாவற்றுக்கும் அதே அட்டைதான். ட்ராமுக்குள் ஏறி டிக்கெட் எடுத்தால் விலை கூட.

அறையை நகரின் நடுவில் பைஷாவில் எடுங்கள். அது சமதரை. மேட்டில் இருக்கிற அல்ஃபாமா படத்தில் அழகாக இருக்கும், சரி, ஆனால் பெட்டியையும் தூக்கிக்கொண்டு படி ஏறிப் பாருங்கள், பிறகு என்னை நினைப்பீர்கள். நடைபாதை முழுக்கச் சின்னச் சின்ன வெள்ளைக் கல் பதித்திருக்கிறார்கள். பார்க்க வடிவு, மழை தூறினால் எண்ணெய் பூசின மாதிரி வழுக்கும். நான் செருப்போடு போய் முதல் நாளே விழுந்தேன். ஒரு ஆச்சி கையைப் பிடித்துத் தூக்கிவிட்டு, என் காலைக் காட்டி "சப்பாத்து, சப்பாத்து" என்றார். எனக்கு வலியை மறந்து சிரிப்பு வந்துவிட்டது.

ஏனென்றால் நாம் சொல்கிற சப்பாத்து அவர்கள் சொல்தான். மொழி தெரியாதே என்று பயப்படுகிறவர்களுக்கு இதைத்தான் சொல்வேன்: உங்களுக்குப் பாதி தெரியும். கதிரை அங்கே கதேய்ரா. துவாய், துவாலியா. குசினி, குசிஞா. மேசை, சன்னல், விறாந்தை எல்லாம் கொஞ்சம் மாறின ஒலியில் காதில் விழும். பாண் என்பதை மூக்கால் இழுத்துச் சொன்னால் கடைக்காரர் எடுத்துத் தருவார். ஒரு சொல் மட்டும் புதிதாகப் பாடமாக்குங்கள்: நன்றி சொல்ல ஆண் என்றால் ஒப்ரிகாடு, பெண் என்றால் ஒப்ரிகாடா.

முதல் நாள் எங்கேயும் ஓடவேண்டாம். பைஷாவின் நேர்நேரான தெருக்களில் நடவுங்கள். அவை ஏன் அப்படி நேராக இருக்கின்றன என்றால், 1755 நவம்பர் 1ஆம் திகதி காலை, சகல புனிதர் திருநாள் பூசைக்குச் சனம் கோயில்களில் நிறைந்திருந்த நேரம் பூமி அதிர்ந்தது. தப்பி ஆற்றங்கரைக்கு ஓடியவர்கள் மேல் கடல் ஏறியது. மிச்சத்தைத் தீ நாட்கணக்கில் எரித்தது. பிறகு பொம்பால் என்ற அமைச்சர் இந்தப் பகுதியைக் கோடு போட்டுப் புதிதாகக் கட்டுவித்தார். 2004 மார்கழியில் நம் கரையில் நின்றவர்களுக்கு இதை யாரும் விளக்கத் தேவையில்லை. மேலே கார்மோ மடத்தின் கோயிலைக் கூரை இல்லாமல் அப்படியே விட்டிருக்கிறார்கள், வளைவுகளுக்கு மேலே வெறும் வானம். லிஸ்பனில் ஒரே ஒரு இடத்துக்குத்தான் காசு கொடுப்பேன் என்றால் இங்கே கொடுங்கள். ஞாயிறு பூட்டு.

28ஆம் இலக்க ட்ராமைப் பற்றி எல்லாரும் சொல்வார்கள். பகலில் அது முதுகோடு முதுகு நெரிசல், ஜேப்படிக்காரருக்கு வேட்டை. காலை எட்டு மணிக்கு முன் ஏறுங்கள், அல்லது அதே பாதையில் நடவுங்கள். நடந்தால் பேராலயத்துக்குப் பக்கத்தில் சின்னதாக அந்தோனியார் கோயில் வரும். பதுவை அந்தோனியார் என்கிறோமே, அவர் பிறந்தது இங்கேதான். கொழும்பு கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்குச் செவ்வாய் தவறாமல் போகிற அத்தைக்கு இங்கிருந்து ஒரு படம் அனுப்பினேன், அதற்குப் பிறகு என் பயணத்தைப் பற்றி வீட்டில் ஒருவரும் குறை சொல்லவில்லை. ஜூன் 13 அவர் திருநாள், அதற்கு முந்தின நாள் இரவு தெருவெல்லாம் சாளை மீன் சுடுகிற புகை. அந்தக் கிழமை அறை விலை ஏறும்.

சாப்பாட்டுக்கடையில் இருந்ததும் கேட்காமலே பாண், ஒலிவ், வெண்ணெய் கொண்டுவந்து வைப்பார்கள். தொட்டால் பில்லில் ஏறும். நான் இலவசம் என்று எல்லாவற்றையும் முடித்து, மீனுக்குச் சமமாகப் பாணுக்குக் கட்டினேன். வேண்டாம் என்றால் கையால் தள்ளிவைக்கலாம், யாரும் கோபிக்கமாட்டார்கள். பக்கல்யாவ் என்பது உப்புக் கருவாடு மாதிரி, ஊறவைத்துச் சமைப்பது, நமக்குப் பிடிக்கும்.

தனிப் பெண்ணாக இரவில் நடக்க எனக்குப் பெரிய பயம் வரவில்லை. நடுத்தெருவில் யாராவது காதுக்குள் "ஹஷீஷ்" என்று கிசுகிசுத்தால் திரும்பிப் பார்க்காமல் நடவுங்கள். அவசர எண் 112. வீட்டுக்குப் போன் எடுக்கும்போது நேரக் கணக்கு: கோடையில் அவர்கள் நமக்கு நாலரை மணி பின்னுக்கு, குளிரில் ஐந்தரை.

ஆற்றங்கரையில் இருக்கிற பெலேம் பகுதியைக் கடைசி நாளுக்கு வையுங்கள், திங்கள் வேண்டாம், மடம் பூட்டு. 15ஆம் ட்ராம் போகும். ஜெரோனிமோஸ் மடத்தின் உள்முற்றத்துக்கு டிக்கெட், ஆனால் வாஸ்கோ ட காமாவின் கல்லறை இருக்கிற கோயிலுக்குள் போகக் காசில்லை. பக்கத்தில் நின்றால் கோபம் வரும் என்று நினைத்திருந்தேன், வந்தது கால்வலி மட்டும்தான். ஆற்றங்கரைக் கோபுரத்தை வெளியில் நின்று பார்த்தால் போதும்.

அப்புறம் 1837 முதல் நடக்கும் பாஸ்டெல் கடை. வெளியே நிற்கிற நீண்ட வரிசை எடுத்துப்போகிறவர்களுக்கு, நீங்கள் உள்ளே போய் இடம் பிடியுங்கள். சூடான முட்டைப் பாலாடைப் பணியாரமும், தூவிக்கொள்ளக் கறுவாத் தூளும் வரும். எதைத் தேடி நம் தீவுக்கு வந்தார்களோ அது மேசைமேல் சும்மா இருக்கிறது. தாராளமாகத் தூவுங்கள். ஒன்று காணாது, இரண்டாகச் சொல்லுங்கள்.