பயணம் போகும் ஸ்டீல் கிட்டார்காரரும் தப்பான பெடல்களும்

கடையில் கிடைக்கும் எஃபெக்ட்ஸ் பெடல்கள், அதாவது வாத்தியத்தின் ஒலியை மாற்றும் சின்னப் பெட்டிகள், பெரும்பாலும் நின்றுகொண்டு கிட்டார் வாசிப்பவருக்காகச் செய்யப்பட்டவை. அவருக்குக் கால்கள் சும்மா இருக்கும். டிலே, அதாவது எதிரொலி வேண்டுமா, ஒரு மிதி. வேண்டாமா, இன்னொரு மிதி. கால்கள் வைத்த சட்டத்தில் தந்திகளைக் கிடையாகக் கட்டி, உட்கார்ந்து வாசிக்கும் பெடல் ஸ்டீல் கிட்டார்காரருக்கு அந்த வசதி கிடையாது. 1954இல் அமெரிக்க நாட்டுப்புறப் பாடகர் வெப் பியர்ஸின் பாட்டு ஒன்றில் ஸ்டீல் வாசித்த பட் ஐசக்ஸ் மிதியை அழுத்தித் தந்தியின் சுருதியை வளைத்துக் காட்டியதிலிருந்து இந்த வாத்தியக்காரர்களின் கால்களுக்கு ஓய்வே இல்லை. இடது கால் சுருதி மாற்றும் மிதிகளின் மேல், வலது கால் வால்யூம் பெடலின் மேல், இரண்டு முழங்கால்களும் லீவர்களுக்கு நடுவே. இடது கையில் தந்திகளின் மேல் சறுக்கும் கனமான ஸ்டீல் பார், வலது கை விரல்களில் தந்தியைத் தட்டும் பிக். இதை மறந்துவிட்டு, கிட்டார்காரர்கள் சொல்லும் ஆலோசனையை அப்படியே எடுத்துக்கொள்வதால்தான் பாதித் தவறுகள் நடக்கின்றன.

அதில் முதலாவது, இருப்பதிலேயே சின்னதைத் தேடுவது. பயணத்துக்குச் சின்னது நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் ஸ்டீல் வாசிப்பவர் உட்கார்ந்திருக்கிறார். பலர் வாத்தியத்தின் முன்கால்களுக்குக் குறுக்கே ஒரு சின்னத் தட்டைப் பொருத்தி, அதில் பெடல்களை வைத்துக் கையாலேயே இயக்குகிறார்கள். அப்படியென்றால் அவருக்கு முக்கியம் கால் சுவிட்ச் அல்ல, திருகும் குமிழ்கள். மினி பெடல்களில் இடம் போதாமல் நடுவில் ஒரு பெரிய குமிழும் பக்கத்தில் கடுகு மாதிரி இரண்டும் வைத்திருப்பார்கள். விரலில் பிக் மாட்டிக்கொண்டு, மேடையின் அரையிருட்டில், இரண்டு பாட்டுகளுக்கு நடுவே அந்தக் கடுகைத் திருகிப் பாருங்கள், தெரியும். பாஸ் நிறுவனத்தின் சாதாரணப் பெடல் 73 மில்லிமீட்டர் அகலம், 129 மில்லிமீட்டர் நீளம். என்னைக் கேட்டால், கையால் இயக்குபவருக்கு அதற்குக் கீழே போகவே வேண்டாம். கேபிள் செருகும் ஜாக்குகள் பக்கவாட்டில் இருந்தால் ஒவ்வொரு பெடலுக்கும் நடுவே பிளக்குக்கு இடம் விட வேண்டும் என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். ஜாக் பின்விளிம்பில் இருக்கும் கொஞ்சம் பெரிய பெடல், சில சமயம் மினியைவிடக் குறைவான இடத்தையே அடைக்கும்.

சின்னதாக்கவே கூடாத ஒன்று உண்டு: வால்யூம் பெடல். ஸ்டீலில் அது சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் கருவி மட்டுமல்ல. தந்தியைத் தட்டும்போது பாதியில் வைத்திருந்து, ஒலி தேயத் தேயக் காலை அழுத்தி ஈடுகட்டுவதில்தான் அந்த நீண்ட அழுகுரல் பிறக்கிறது. மணிக்கணக்கில் கால் அதன் மேலேயே இருக்கும். உள்ளங்கை அளவு மினி வால்யூம் பெடலில் குதிகாலுக்கு இடமிருக்காது, அசைவும் குறைவு. கிட்டாருக்கென்று வரும் உயரமான பெடலை வாங்கினால் முழங்கால் மேலே ஏறி லீவரில் இடிக்கும். தாழ்வான, நீளமான பெடல்தான் சரி.

அதன் உள்ளே இருக்கும் பொட்டன்ஷியோமீட்டரின் (காலை அசைக்க மாறும் மின்தடையின்) மதிப்பைப் பார்க்காமல் வாங்குவது அடுத்த தவறு. ஸ்டீலுக்கான பெடல்களில் வழக்கமாக 500 கிலோ ஓம் இருக்கும். பிரபலமான எர்னி பால் ஜூனியர் 250 கிலோ ஓம், 25 கிலோ ஓம் என இரண்டு வகையில் வருகிறது. இரண்டாவது, சிக்னலைப் பலவீனமாகாமல் காக்கும் பஃபர் என்னும் சுற்றுக்குப் பின்னால் வைப்பதற்கானது. அதில் பிக்கப்பை (தந்தியின் அதிர்வை மின்சாரமாக்கும் பகுதியை) நேராகச் செருகினால் மேல்ஸ்தாயிப் பளபளப்பு காணாமல் போய், போர்வைக்குள்ளிருந்து வாசிப்பது போல் கேட்கும். 500 கிலோ ஓம் பெடலிலும் காலைப் பாதியில் வைக்கும்போது கொஞ்சம் பிரகாசம் போகத்தான் செய்யும். பெடலின் மின்தடையும் அதற்குப் பின்னால் ஓடும் நீளமான கேபிளின் கெப்பாசிட்டன்ஸும் சேர்ந்து செய்யும் வேலை அது. வாத்தியத்துக்கும் வால்யூம் பெடலுக்கும் நடுவே ஒரு பஃபர் வைத்து, பெடலுக்குப் பின்னால் வரும் கேபிளையும் குட்டையாக வைத்தால் பெருமளவு தீரும்.

இங்கேதான் ‘ட்ரூ பைபாஸ்’ மோகம் காலை வாருகிறது. அணைத்தால் சிக்னலைத் தொடாமல் விடும் பெடல்தான் உயர்ந்தது என்று எல்லாவற்றையும் அந்த வகையிலேயே வாங்கிவிடுகிறார்கள். அப்புறம் பஃபருக்கென்று தனியாக ஒரு பெட்டி வாங்க வேண்டியிருக்கிறது. பஃபர் உள்ள ஒரு ட்யூனரை (சுருதி காட்டும் கருவியை) முதலில் வைத்தால் ஒரே பெட்டியில் இரண்டு வேலையும் முடியும். பயணப் பெட்டியில் ஒரு இடம் மிச்சம். ஆனால் அந்த ட்யூனர் எதைக் காட்டுகிறது என்று பார்த்து வாங்குங்கள். ஸ்டீலில் தந்திகளுக்குச் சுருதி சேர்க்கும் இ9 அமைப்பில் மூன்றாவது, ஆறாவது தந்திகளான ஜி ஷார்ப்பை, கார்டு இனிமையாக ஒலிப்பதற்காகப் பலர் சம சுருதியைவிடக் கீழே இறக்கி வைப்பார்கள். சுத்தமான மேஜர் தேர்ட் (ஸ-க இடைவெளி) வேண்டுமென்றால் கிட்டத்தட்ட 14 சென்ட் இறக்க வேண்டும்; அரைச்சுரத்தில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட். பச்சை விளக்கு எரிந்தால் சரி என்று மட்டும் காட்டும் ட்யூனரை வைத்துக்கொண்டு இதைச் செய்வது பாடுதான். சென்ட் கணக்கைத் தெளிவாகக் காட்டுவதோ, பீட்டர்சன் ட்யூனர்களைப் போல ஸ்டீலுக்கென்றே சுருதி அமைப்புகள் உள்ளதோ வேண்டும்.

வரிசையில் வரும் தவறு காதுக்கு உடனே தெரிந்துவிடும். டிலேயும், பெரிய கூடத்தின் முழக்கத்தைத் தரும் ரிவெர்பும் வால்யூம் பெடலுக்குப் பின்னால்தான் வர வேண்டும். முன்னால் வைத்தால் காலைத் தளர்த்தும்போது எதிரொலியின் வாலும் சேர்ந்து அறுந்துவிடும், அழுத்தினால் பழைய எதிரொலி பொங்கி வரும். ஒலியைக் கரகரப்பாக்கும் ஓவர்டிரைவ் வேறு கதை. வால்யூம் பெடலுக்கு முன்னால் வைத்தால் கரகரப்பு மாறாமல் இருக்கும், சத்தம் மட்டும் மாறும்; பின்னால் வைத்தால் கால் அழுத்தத்துக்கு ஏற்பக் கரகரப்பும் ஏறி இறங்கும். இரண்டுமே நியாயம்தான். கோரஸ் வேண்டாம் என்பதே என் கட்சி. ஃப்ரெட் என்னும் மெட்டுக்கட்டைகளின் உதவி இல்லாமல் பாரை வைத்துக் காதால் சுருதி பிடிக்கிறவருக்கு, சுருதியை அசைத்துக் கலைக்கும் கருவி எதற்கு? கோட்டுவாத்தியம் கேட்டுப் பழகியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

டிலேயில் டேப் டெம்போ (காலால் தட்டி வேகம் குறிப்பது), லூப்பர் (வாசித்ததைத் திரும்பத் திரும்ப ஓட்டுவது), நூறு நினைவகங்கள் என்று காசைக் கொட்டாதீர்கள். தட்டுவதற்குக் கால் எங்கே? 300 முதல் 400 மில்லிசெகண்ட், ஒன்றிரண்டு எதிரொலி, அளவாகக் கலவை. ஒருமுறை வைத்துவிட்டால் இரவு முழுக்க அப்படியே ஓடும். வாங்கும் முன் ஒன்றைச் சோதியுங்கள். பல பெடல் ஸ்டீல் பிக்கப்களின் மின்தடை 15 கிலோ ஓமைத் தாண்டும். ஸ்ட்ராட்டோகாஸ்டர் என்னும் சாதாரண எலக்ட்ரிக் கிட்டாரின் பிக்கப்பில் அது ஏறக்குறைய 6. பொதுவாகச் சிக்னலும் அதைவிடப் பலமாக வரும். மலிவான டிஜிட்டல் பெடல்கள் சில, வால்யூமை முழுக்க அழுத்தித் தந்தியைத் தட்டியதுமே நெரிந்து ஒலிக்கும். கடையில் இருக்கும் சாதாரண கிட்டாரை வைத்துப் பார்த்தால் இது தெரியவே தெரியாது.

பயணத்தில் அதிகம் சொதப்புவது மின்சாரம். பெட்டியில் ‘9 வோல்ட்’ என்று போட்டிருப்பதை மட்டும் பார்த்து வாங்கிவிடுவார்கள். மில்லிஆம்பியரையும் பாருங்கள். பவர் சப்ளைகளின் சாதாரணத் துளைகள் பலவற்றில் 100 மில்லிஆம்பியர்தான் கிடைக்கும். ஸ்ட்ரைமன் ஃப்ளின்ட் போன்ற ரிவெர்ப் பெடலுக்குக் குறைந்தது 250 வேண்டும். ஒரே பெட்டியில் எல்லாம் இருக்கட்டும் என்று லைன் 6 ஹெச்எக்ஸ் ஸ்டாம்ப் வாங்கினால், அதுவும் 9 வோல்ட்தான், ஆனால் கூடவே வரும் அடாப்டர் 3 ஆம்பியர். அது தொலைந்தால் வேறொரு சாதாரண 9 வோல்ட் அடாப்டரை வைத்து ஒப்பேற்ற முடியாது. ஒரே அடாப்டரிலிருந்து வால் வாலாகப் பிரியும் வயரில் டிஜிட்டல் பெடல்களை மாட்டினால் மெல்லிய கீச்சொலி சேர்ந்துகொள்ளலாம். ஒவ்வொரு துளையும் தனித்தனியாகப் பிரிக்கப்பட்ட சப்ளை பாதுகாப்பானது. அமெரிக்காவில் 120 வோல்ட், ஐரோப்பாவிலும் இந்தியாவிலும் 230. அடாப்டரின் முதுகில் 100–240 என்று இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பெட்டியில் வையுங்கள். டிரான்ஸ்ஃபார்மர் உள்ள கனமான சப்ளையை வாத்தியத்தின் காலில் இருக்கும் தட்டில், பிக்கப்புக்கு நேர் கீழே வைத்தால் ஹம் என்னும் உறுமல் வரும். சிங்கிள் காயில் பிக்கப் அதை அப்படியே உறிஞ்சிக்கொள்ளும். ஓரடி தள்ளித் தரையில் வைத்தாலே பெரும்பாலும் அடங்கிவிடும்.

இன்னொன்றைப் பலர் யோசிப்பதில்லை. போகிற ஊரில் என்ன ஆம்ப் கிடைக்கும்? வீட்டில் ஸ்டீலுக்கான பீவி நாஷ்வில் 112 ஆம்ப் வைத்திருப்பவர், அதிலுள்ள மிட் (நடு அலைவரிசை) கட்டுப்பாட்டால் 800 ஹெர்ட்ஸ் பக்கத்து மூக்கடைப்பைக் குறைத்துப் பழகியிருப்பார். வாடகைக்கு வருவது ஏதோ ஒரு கிட்டார் ஆம்பாக இருக்கும், அல்லது ஆம்பே இல்லாமல் நேராக மிக்ஸருக்குப் போகச் சொல்வார்கள். அந்த நேரத்தில் மூன்றாவது டிலேயைவிட, மிட்டை இடம் பார்த்துக் குறைக்கக்கூடிய ஒரு சின்ன ஈக்யூ அல்லது ப்ரீஆம்ப் பெடல்தான் கைகொடுக்கும்.

கடைசியாக எடை. பல விமான நிறுவனங்களில் ஒரு பெட்டிக்கு 23 கிலோ வரம்பு. ஒரே தந்தி வரிசை உள்ள ஒற்றைக் கழுத்து ஸ்டீலே கேஸோடு அதை நெருங்கிவிடும். இரட்டைக் கழுத்து தாண்டிவிடும். அதனால் பெடல்கள் கைப்பையில்தான் வரும், அதுவும் தட்டு, சப்ளை, கேபிள் எல்லாம் சேர்த்து. அத்தனையையும் ஒன்றாக எடை போட்டுப் பார்த்த பிறகு எதை வாங்குவது என்று முடிவு செய்யுங்கள். பவர் பேங்கில் ஓட்டுவதானால் 100 வாட்-மணிக்குள் இருக்கட்டும், அது கைப்பையில்தான் போக வேண்டும். ஸ்டீல் பார் மட்டும் செக்-இன் பெட்டிக்குள் போகட்டும். வழவழப்பான கனத்த இரும்பு உருளை எதற்கு என்று ஸ்கேனர் பக்கத்தில் நின்று விளக்குவதற்குள் போர்டிங் முடிந்துவிடும்.